ஆயிரத்துக்கு ஒன்று குறைவு

சங்கத்தின் முப்பதாம் ஆண்டு மலருக்காக ஹெரிபெர்ட் நோல்டிங்கைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்துவிட்டேன். பிறந்தது கெல்சென்கிர்ஷனில், வேலை லிஃப்ட் சோதனை, கல்யாணம் ஆகவில்லை, ஏறிய ரோலர் கோஸ்டர்கள் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது, பழக இனிமையானவர். கடைசியில் சொன்னது பொய். மற்றவற்றிலும் ஒரு பொய் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். மலரில் மரியாதையாக ‘அவர்’ என்று எழுதினேன். இங்கே ‘அவன்’தான். முப்பது வருஷமாக நாங்கள் அப்படித்தான் பேசிக்கொள்கிறோம்.

எங்கள் சங்கத்தில் நாற்பது பேர். போஹும் நகரத்தில் ஒரு பௌலிங் கூடத்தின் பின்னறையில் மாதம் ஒருமுறை கூடுவோம். யார் எத்தனை ரோலர் கோஸ்டரில் ஏறியிருக்கிறார்கள் என்று எண்ணுவதுதான் எங்கள் வேலை. ஒரே கோஸ்டரில் நூறு தடவை ஏறினாலும் கணக்கு ஒன்றுதான். பெயரை மாற்றினாலும், சாயத்தை மாற்றினாலும், பிரித்து லாரியில் ஏற்றி வேறு நாட்டில் கொண்டுபோய் நிறுத்தினாலும், தண்டவாளம் பழையது என்றால் அது பழைய கோஸ்டர்தான். தண்டவாளம்தான் கணக்கு. இந்த ஒரு விதிக்காக எங்களில் நட்புகள் முறிந்திருக்கின்றன, ஒரு கல்யாணமும் முறிந்திருக்கிறது. பட்டியலை வைத்திருப்பவள் நான். ரோஸ்வித்தா பட்டியலோடு வருகிறாள் என்றால் பாதிப் பேர் தங்கள் எண்ணிக்கையை மறுபடி சரிபார்ப்பார்கள்.

ஹெரிபெர்ட்டுக்கு வேலையே லிஃப்டில் ஏறி இறங்குவதுதான். எந்த மாடியில் எவ்வளவு குலுங்குகிறது, கயிறு எங்கே இழுக்கிறது என்று கருவி சொல்வதற்கு முன்பே இவன் உடம்பு சொல்லிவிடும் என்பார்கள். கோஸ்டரிலும் அப்படித்தான். ஒரே தொழிற்சாலையில் ஒரே வரைபடத்தில் செய்த இரண்டு கோஸ்டர்கள், ஒரே பூங்காவில் பக்கத்துப் பக்கத்தில், ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். இரண்டிலும் இவன் கண்ணைக் கட்டி ஏற்றிப் பார்த்திருக்கிறோம். ஏறி இறங்கி, இடுப்பைத் தடவிக்கொண்டு, எது எந்த நிறம் என்று சரியாகச் சொல்லிவிட்டான். பந்தயம் கட்டிய ஃபோல்க்மார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பீர் வாங்கிக் கொடுத்தான். ஃபோல்க்மார் எங்கள் தலைவர், கார் கண்ணாடி மாற்றும் கடை வைத்திருப்பவன். தோற்றால் சாப்பாடு இறங்காது அவனுக்கு.

எண்ணுவது மட்டும் ஹெரிபெர்ட்டுக்குப் போதவில்லை. அவன் பூங்காக்களை ஒப்பிடுவான். ஐரோப்பாவில் ஒரு பூங்கா பாக்கியில்லாமல் நோட்டுப் போட்டு எழுதி வைத்திருந்தான், மொத்தம் பதினான்கு நோட்டு. போலந்துக்காரர்கள் வரிசையாகக் கட்டித் தள்ளுகிறார்களே, எண்ணிக்கையில் அவர்களை யார் மிஞ்ச முடியும் என்று யாராவது ஆரம்பித்தால் போதும், சாசேஜை வைத்துவிட்டு எழுந்து நின்றுவிடுவான். ஒரு வீட்டில் எட்டு அண்ணன் தம்பிகள், எட்டுப் பேரும் சாப்பாட்டு மேசையில் ஒரே கதையைச் சொன்னால் அந்த வீட்டுக்கு விருந்துக்குப் போவாயா என்று கேட்பான். ப்ரூல் பூங்காவில் இருப்பது கொஞ்சம்தான், ஆனால் ஒன்று சொல்வதை இன்னொன்று சொல்வதில்லை. ரூஸ்ட் பூங்காவில் இருப்பது எல்லோருக்கும் ஏதாவது ஒன்று கிடைக்கும் பேக்கரி. ஹாலந்துக்காரன் மரக் கோஸ்டரை நம்புகிறான். ஸ்பெயின்காரன் உயரத்தை நம்பிச் சோம்பேறியாகிவிட்டான். இப்படிப் போகும். ஒரே மாதிரி இரண்டு இருந்தால் ஒன்றுக்கு மதிப்பெண் கிடையாது, அதுதான் அவன் விதி. அவன் பேசினால் பக்கத்தில் பௌலிங் பந்து உருளும் சத்தம்கூட எங்களுக்குக் கேட்காது. இதை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இப்போது புழு. பூங்காக்களில் சின்னப் பிள்ளைகளுக்கென்று ஒரு குட்டிக் கோஸ்டர் இருக்கும். கம்பளிப்பூச்சி முகம், பத்தடி உயரம், இரண்டு சுற்று. நாங்கள் அதைப் புழு என்போம். சங்க விதிப்படி புழுவும் ஒரு கோஸ்டர்தான். ஆனால் பெரியவர்கள் தனியாக அதில் ஏற முடியாது, கூட ஒரு குழந்தை வேண்டும். எனக்குக் குழந்தை இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவேன், பிறகு தம்பி மகள் இல்வி வந்தாள். ஹெரிபெர்ட் புழுவைத் திரும்பியும் பார்க்க மாட்டான். வாழ்நாளில் ஒன்றில்கூட உட்கார்ந்ததில்லை என்று பெருமை வேறு.

என்னுடைய ஐந்நூறாவதைக் கொண்டாடியபோது, 2008 ஜனவரியில், கேக் வெட்டும் நேரத்தில் அவன் எழுந்தான். விதிப்படி ரோஸ்வித்தாவுக்கு ஐந்நூறு, தன் கணக்குப்படி நானூற்று நாற்பத்தாறு என்றான். மீதி ஐம்பத்துநாலும் புழு, அதுவும் ஊரார் பிள்ளையை இரவல் வாங்கி ஏறியது என்றான். நாற்பது பேரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து எனக்குப் பெயர் புழுராணி. கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில்கூட அப்படியே எழுதி அனுப்புவார்கள். எட்டு வருஷம் நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அவன் மறந்திருப்பான், நான் மறக்கவில்லை.

2016 கோடையில் ஹெரிபெர்ட்டின் கை விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. கழுத்தெலும்பு தண்டுவடத்தை நெருக்குகிறது என்றார்கள். தகடு வைத்துத் திருகாணி போட வேண்டும், அதற்குப் பிறகு சாகும்வரை கோஸ்டர் கிடையாது. செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் சேரச் சொல்லியிருந்தார்கள். அப்போது அவன் கணக்கு தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றிரண்டு. சங்கத்தில் ஆயிரம் தொட்டவர் யாரும் இல்லை. டாக்டருக்குத் தெரியாமல், கழுத்துப் பட்டையைக் காரில் கழற்றி வைத்துவிட்டு, ஆறு வாரத்தில் ஏழு ஏறினான். ஆயிரமாவதில் ஏற, ஆஸ்பத்திரியில் சேரும் நாளுக்கு முந்தைய சனிக்கிழமைதான் மிச்சம். ஹாலந்து எல்லையைத் தாண்டியதும் ஒரு பூங்காவில் அந்தக் கோடையில் புதிதாக ஒன்று திறந்திருந்தார்கள். அங்கே புழுவைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அவன் எப்போதோ ஏறியாகிவிட்டது. அந்தப் புதியதை ஆயிரமாவதாக வைத்துக்கொண்டான். சங்கமே கிளம்பியது.

அதற்கு மூன்று வாரம் முன்பு நான் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்திருந்தேன். வடக்கே கடலோரத்தில் ஒரு சின்னப் பூங்கா 1997-ல் மூடியது. அங்கே இருந்த டிராகன் கோஸ்டரில் அவன் ஏறியிருக்கிறான். 2005-ல் டென்மார்க்கில் வேறு பெயரில் இன்னொரு டிராகனில் ஏறியிருக்கிறான். இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு டிராகனுக்கும் அதே இடது பல் உடைந்திருக்கிறது. பழையதை வாங்கிப் பெயர் மாற்றியிருக்கிறார்கள் என்று தோன்றியது. அப்படியென்றால் இரண்டும் ஒன்று. முறைப்படி டென்மார்க் பூங்காவுக்கு விசாரித்து ஒரு கடிதம் போட்டேன். பதில் வரும்வரை பொறுத்திருக்கலாம். பொறுக்காமல் ஃபோல்க்மாரிடம் சொன்னேன்.

ஃபோல்க்மாரின் கணக்கு அப்போது தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு. படங்களை அவன் நெடுநேரம் பார்த்தான். இப்போது வாயைத் திறக்காதே, அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றான். இப்போதே சொன்னால் ஹெரிபெர்ட் வேறு எங்காவது போய் ஒன்றைச் சேர்த்துக்கொள்வான் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

சனிக்கிழமை மாலை நாலரைக்கு அவனை முன் இருக்கையில் தனியாக உட்கார வைத்தோம். இறங்கி வந்தபோது அழுதுகொண்டிருந்தான். வாசலுக்குப் பக்கத்தில் மர மேசைகளில் காப்பியும் கேக்கும் பரப்பியிருந்தோம், கேக்கில் ஆயிரம் என்று பாதாம் மாவில் எழுதியிருந்தது. ஒவ்வொரு நூறுக்கும் எங்களிடம் ஒரு சடங்கு உண்டு. பட்டியல்காரி, ஏறிய முதல் கோஸ்டரின் பெயரையும் கடைசிக் கோஸ்டரின் பெயரையும் படித்துவிட்டு, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்பாள். அதுவரை யாரும் கை தூக்கியதில்லை. நான் கேட்டேன். ஃபோல்க்மார் கை தூக்கினான்.

ஹெரிபெர்ட் சிரித்துக்கொண்டே, விளையாடாமல் கேக்கை வெட்டச் சொன்னான். ஃபோல்க்மார் இரண்டு படங்களையும் கேக்குக்குப் பக்கத்தில் வைத்தான். படங்களைப் பார்க்கப் பார்க்க ஹெரிபெர்ட்டின் சிரிப்பு இறங்கியது.

“ரெண்டும் ஒண்ணு இல்ல,” என்றான். “டென்மார்க்ல ரெண்டாவது வளைவு வலது பக்கம் தள்ளும். பழசு தள்ளாது. என் நோட்டுலயே எழுதியிருக்கேன். என் இடுப்புக்குத் தெரியும்.”

“நோட்டை எழுதுனதும் நீதான்,” என்றான் ஃபோல்க்மார். “இடுப்பை வேணும்னா தனியா வந்து சாட்சி சொல்லச் சொல்லு.”

எல்லோரும் சிரித்தார்கள். ஹெரிபெர்ட் என்னைப் பார்த்தான். “ரோஸ்வித்தா, பட்டியல் உன்னுது. நீ சொல்லு.”

சிவப்புப் பேனாவால் டென்மார்க்கை அடித்தேன். கீழே தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது என்று எழுதி, அவன் பார்க்கும்படி திருப்பி வைத்தேன். வீணாகக் கூடாதென்று கேக்கை எல்லோரும் சாப்பிட்டார்கள்.

அப்போது மணி ஐந்து பத்து. பூங்கா ஆறுக்கு மூடும். அந்தப் பூங்காவில் அவன் ஏறாதது ஒன்றே ஒன்றுதான் இருந்தது, நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பார்த்தாலே தெரியும், பச்சை நிறப் புழு. அவன் எழுந்து நேராக அங்கே நடந்தான். நாங்கள் காப்பிக் கோப்பையோடு பின்னாலேயே போனோம், வேடிக்கை பார்க்கத்தான்.

வண்டி ஓட்டும் பெண் அவனைத் தடுத்து, குழந்தை இல்லாமல் ஏற்ற முடியாது என்றாள். இது கடைசி நாள், நாளை ஆபரேஷனுக்குச் சேர வேண்டும் என்றெல்லாம் அவன் சொல்லிப் பார்த்தான். அவள் பலகையைக் காட்டினாள். வரிசையில் இரண்டு பிள்ளைகளோடு நின்ற ஒரு அம்மாவிடம் போய், உங்கள் பையன்களில் ஒருவனோடு நான் ஒரு சுற்றுப் போய்வரட்டுமா என்று கேட்டான். ஐம்பத்தேழு வயது, அழுது சிவந்த கண். அவள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வரிசையை விட்டே போய்விட்டாள். ஐந்து நிமிடத்தில் காவலாளி வந்து அவன் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தான், பெயரை எழுதிக்கொண்டான், இன்னொரு குழந்தையிடம் போனால் வெளியே அனுப்பிவிடுவேன் என்றான். ஃபோல்க்மார் அதைப் படம் எடுத்தான். மணி ஐந்தரை.

பிறகுதான் அவன் என்னிடம் வந்தான். ஆறு வயது இல்வி என் கையைப் பிடித்துக்கொண்டு ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“ரோஸ்வித்தா, பிள்ளையைக் கொஞ்சம் அனுப்பு. ஒரே ஒரு சுத்து.”

“புழுவுக்கா? அது கணக்குல சேராதே.”

“சேரும்.”

“நானூத்தி நாப்பத்தாறுன்னு நீதானே சொன்ன.”

“அன்னிக்கு நான் பேசினது தப்பு. மன்னிச்சுடு.”

“என்கிட்ட சொல்லி என்ன பிரயோசனம்? நாப்பது பேர் முன்னாடி சொன்ன, நாப்பது பேர் முன்னாடி வாபஸ் வாங்கு.”

இல்வி என் கையை இழுத்தாள். “அத்தை, நான் அவரோட போறேனே,” என்றாள். பேசாமல் இரு என்று அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அவன் பெஞ்சின் மேல் ஏறி நின்றான். புழுவும் கோஸ்டர்தான், ரோஸ்வித்தாவின் ஐந்நூறு சரியான ஐந்நூறு என்று சத்தமாகச் சொல்லிவிட்டு இறங்கப் போனான். பட்டியல் என் கையிலேயே இருந்தது. ஐம்பத்துநாலு புழுவையும் பெயர் சொல்லி ஒத்துக்கொண்டால்தான் கணக்கு என்றேன். நான் ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டியது, அவன் திருப்பிச் சொல்ல வேண்டியது. அவன் மறுபடி ஏறினான். மகிழ்ச்சி வண்டு, எல்க் குட்டி ரயில், குட்டி நத்தை, சிரிக்கும் ஆப்பிள். கழுத்து குனிய முடியாமல், நேராக எதிரே பார்த்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது போல ஒவ்வொன்றையும் சொன்னான். கூட்டம் கைதட்டித் தாளம் போட்டது. நான் அவசரப்படவில்லை. ஒவ்வொரு புழுவுக்கும் ஊர்ப் பெயரையும் ஆண்டையும் சேர்த்தே படித்தேன்.

புழுவில் ஏறாதவர்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. பெரிய கோஸ்டர்கள் ஆறு மணிவரை ஓடும். புழுவின் வரிசையைக் கால் மணி நேரம் முன்பே சங்கிலி போட்டு மூடிவிடுவார்கள். ஐம்பத்துநாலுக்கும் மேல் புழுவில் ஏறிய எனக்கு அது தெரியும்.

முப்பத்தெட்டாவது பெயரில் அந்தப் பெண் சங்கிலியை மாட்டினாள். அவன் முதுகு அந்தப் பக்கம் இருந்தது. மீதிப் பதினாறையும் படித்தேன். ஐம்பத்துநாலாவதைச் சொல்லி முடித்துவிட்டு அவன் இறங்கி இல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பினான். சங்கிலியைப் பார்த்தான். அதற்குள் மூடிவிட்டார்களே என்று நான் ஆச்சரியப்பட்டேன். அவன் சங்கிலிக்கு இந்தப் பக்கம் நின்று அந்தப் பெண்ணை இரண்டு தடவை கெஞ்சினான். மூன்றாவது தடவை அவள் காவலாளியைத் தேடினாள். அவன் இல்வியை என்னிடம் கொண்டுவந்து விட்டுவிட்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

இல்வி என் காரில்தான் வந்தாள். எல்லை தாண்டியதும், “அத்தை, நீ மணியைப் பாத்துட்டே இருந்தியே,” என்றாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு எந்தப் பூங்காவுக்கும் வரவில்லை.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. கழுத்து திரும்பாது, அவ்வளவுதான். அவன் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே டென்மார்க்கிலிருந்து பதில் வந்தது. அந்தப் பூங்காவின் பழைய மெக்கானிக் எழுதியிருந்தார். தாங்கள் வாங்கியது டிராகன் பெட்டிகளை மட்டும்தான் என்றும், பழைய தண்டவாளம் துருப்பிடித்துப் பழைய இரும்புக்குப் போய்விட்டது என்றும், தண்டவாளம் முழுக்கப் புதிதாகச் செய்தது, இரண்டாவது வளைவை மாற்றி அமைத்தோம் என்றும் எழுதியிருந்தார். தண்டவாளம்தான் கணக்கு. அப்படியென்றால் அந்தச் சனிக்கிழமை முன் இருக்கையிலிருந்து இறங்கியபோது அவனுக்கு ஆயிரம்.

கடிதத்தை மேசை இழுப்பறையில் போட்டேன். முதலில், அவன் உடம்பு தேறட்டும் என்று நினைத்தேன். பிறகு, சொன்னால் நான் அவசரப்பட்டது தெரிந்துவிடுமே என்று நினைத்தேன். அடுத்த வசந்தத்தில் ஃபோல்க்மார் ஆயிரம் தொட்டான், கடைசிப் பன்னிரண்டில் ஏழு புழு. நான் ஆட்சேபணை உண்டா என்று கேட்டேன், ஹெரிபெர்ட் எல்லோருக்கும் முன்னால் கைதட்டினான். அதற்குப் பிறகு எந்தக் காரணமும் எனக்குத் தேவைப்படவில்லை. ஒவ்வொரு ஜனவரியும் பட்டியலை உரக்கப் படிக்கும்போது அவன் பெயரும் அந்த எண்ணும் வரும் இடம் எனக்குப் பிடித்திருந்தது. உண்மை அதுதான்.

இந்த ஜனவரியில் படிக்க ஆரம்பிப்பதற்கு முன்பு அவன் என் மேசைக்கு வந்தான். ஒரு பையைக் கீழே வைத்தான். என்னைப் பார்க்க வேண்டுமென்றால் அவன் முழு உடம்பையும் திருப்ப வேண்டும், திருப்பினான்.

“பதினாலு நோட்டும் இதுல இருக்கு. பழைய பேப்பர்ல போட்டுடு. எனக்குக் கை வரல.”

ஏன் என்று கேட்டேன்.

“டென்மார்க் வேறன்னு என் உடம்பு சத்தியம் பண்ணிச்சு. இன்னிக்கும் பண்ணுது. அதுவே தப்புன்னா, ப்ரூலும் ரூஸ்டும் போலந்தும் ஒப்பிட்டு எழுதினதெல்லாம் என்ன? எல்லாம் நானா கற்பனை பண்ணினது.” பையைக் காலால் என் பக்கம் தள்ளி, “புழுவை ஒழுங்கா மதிச்சிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும். உன்மேல எனக்கு ஒண்ணும் இல்ல ரோஸ்வித்தா. நீ ஒருத்திதான் இந்தக் கணக்கை நேர்மையா வச்சிருக்க,” என்றான்.

அப்போது சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஃபோல்க்மார் கோப்பையைத் தட்டி எல்லோரையும் உட்காரச் சொன்னான், நான் பட்டியலைத் திறந்து, ஹெரிபெர்ட் நோல்டிங், தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது என்று படித்தேன். அவன் உடம்பை முன்னால் சாய்த்துத் தலையாட்டினான்.

நோட்டுகளை நான் பழைய பேப்பரில் போடவில்லை. வீட்டுக்கு வந்து ஆறாவது நோட்டில் டென்மார்க்கைத் தேடி எடுத்தேன். பென்சிலில், சின்ன எழுத்தில் எழுதியிருந்தது: ‘பெட்டிகள் வடக்கில் பார்த்த பழைய பெட்டிகள், அதே உடைந்த பல். தண்டவாளம் வேறு. இரண்டாவது வளைவு வலப்பக்கம் தள்ளுகிறது.’ கடிதத்தை அந்தப் பக்கத்தில் வைத்து நோட்டை மூடினேன். பதினாலும் இழுப்பறையில் அடங்கவில்லை, மேசையின் கீழ் இழுப்பறையையும் காலி செய்து அடுக்கிப் பூட்டினேன்.